கோழி வாசம் அடித்த மணத்தக்காளிச் சாறு

என்னைப் போல ஒரு மடையனைத் தென்காசி வட்டாரத்தில் சல்லடை போட்டுத் தேடினாலும் கிடைக்காது. அதற்குச் சாட்சியாகப் பழுப்பு நிறக் கண்ணாடிப் பாட்டில் ஒன்று என் மேசையில் நிற்கிறது. மூடியைத் திறந்தால் இன்றும் லேசாகப் பொரித்த கோழி மணக்கும். அதில் இருந்ததோ வயிற்றுப் புண்ணுக்கான சாறு.

கல்லூரி ஆய்வகத்தில் நான் உதவியாளனாக இருந்தபோது, ஆராய்ச்சி மாணவி ஒருத்தி மணத்தக்காளி இலையிலிருந்து புண்ணை ஆற்றும் சத்தைப் பிரித்தெடுக்க முயன்றுகொண்டிருந்தாள். வளைகுடாவிலிருந்து அவள் அப்பா வயிற்றுப் புண்ணோடு திரும்பியிருந்தார். மெத்தனால் என்ற நச்சுக் கரைப்பானில் ஊறவைத்தால் வேலை சுலபம் என்று பேராசிரியர் பல தடவை சொல்லிப் பார்த்தார். “வயித்துக்கு மருந்து எடுக்கப் போயி கழிவுன்னு வாய்க்கால்ல விஷத்த ஊத்தணுமா சார்?” என்று கேட்டுவிட்டு வெந்நீரிலேயே நின்றாள். மாதக் கடைசியில் ஆய்வுக் குழு வருவதற்குள் வெந்நீர்ச் சாறு தேறாவிட்டால் மெத்தனாலுக்கு மாறிவிட வேண்டும் என்று கெடு வைத்தார் அவர்.

அது சாரல் காலம். உடுத்திய வேட்டியே காயாத குற்றாலத்து ஈரத்தில் இலை எங்கே காயும்? பூசணம்தான் பூத்தது. சாரல் குறைந்த கடையத்தில் தன் பெரியம்மா வீட்டு மச்சில் நிழலில் உலர்த்திக் கொண்டுவரும்படி ஒரு மூட்டை இலையை என்னிடம் கொடுத்தாள்.

நான் ஏறியதோ எதிர்த்திசையில் கேரள எல்லைக்குப் போகும் புளியறை பஸ். அங்கே வாடிக்கையான புரோட்டாக் கடையில், அடுப்புக்கு மேலே மூட்டையைத் தொங்கவிட்டு, கீழே உட்கார்ந்து ஆறு புரோட்டா தின்றேன். நான்கு நாள் வேலையை ஒரே மாலையில் முடித்த விஞ்ஞானி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். மிச்ச நாட்களை வீட்டில் தூங்கிக் கழித்தேன்.

சாறு இறக்கிப் பாட்டிலை முகர்ந்தவள், “எங்கன காயப் போட்டீய அண்ணாச்சி?” என்றாள். கடையத்தில்தான் என்று சாதித்தேன்.

“எங்க பெரியம்மா வீட்டு மச்சுல கோழி பொரிக்காவளா?”

அவள் பாட்டிலை என் கையில் திணித்துவிட்டு, அன்றே புது இலை பறித்துக்கொண்டு தானே கடையம் போனாள். நான்கு நாள் இலைக்குக் காவல் இருந்து திரும்பினாள். குழு வந்தபோது வெந்நீர்ச் சாறு தேறியது. மெத்தனால் டப்பா பிரிக்கப்படாமலே கிடந்தது.

இப்போது அவள் வேறு கல்லூரியில் பேராசிரியை. அதே இலை, அதே வெந்நீர். எனக்கோ ஓய்வூதியமும் வயிற்றெரிச்சலும். போன வாரம் இந்தப் பாட்டிலைப் பார்த்தபடியே போன் போட்டு, கோழி வாசம் அடித்தாலும் பரவாயில்லை, ஒரு பாட்டில் சாறு அனுப்பு தாயி என்று கெஞ்சினேன்.

“மனுசருக்குக் குடுத்துப் பாக்குற சோதனை இன்னும் முடியல அண்ணாச்சி, டாக்டர்ட்ட போங்க.”