முப்பத்தேழு புத்தகம் குறைந்த நாள்

நான் படித்தது ஆறாம் வகுப்பு. அதிலும் பாதிதான். ஆனால் என் கண்ணைத் துண்டால் கட்டிவிட்டு எங்கள் நூலகத்தில் எந்தப் புத்தகத்தின் பெயரை வேண்டுமானாலும் சொல்லுங்கள், நடந்து போய்க் கையை நீட்டி எடுத்துக் கொடுப்பேன். எம்.ஏ. படித்தவர்களால் முடியாது. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப்போகிறார்கள்?

சேந்தமங்கலத்துப் பக்கம் பிறந்து, பன்னிரண்டு வயதில் நாமக்கல்லில் ஒரு தானிய மண்டிக்கு வேலைக்குப் போனேன். சாக்குத் தைத்தேன், களம் கூட்டினேன், பிறகு வள்ளத்தைக் கையில் வாங்கிக் கடலையும் சோளமும் அளக்கிற ஆள் ஆனேன். எங்கள் பக்கம் தானியம் அளக்கிற பெரிய படிக்கு வள்ளம் என்று பெயர். நான் அளந்த குவியலை மறுபடி அளந்து பார்த்த வியாபாரி கிடையாது. மண்டியை மூடியபோது பரமத்தி வேலூர் பக்கம் ஒரு கிளை நூலகத்தில் கூட்டிப் பெருக்க ஆள் வேண்டும் என்றார்கள். துடைப்பத்தோடு உள்ளே போனவன்தான். எழுத்துக்கூட்டிப் புத்தகத்தின் முதுகைப் படித்துப் படித்து, புத்தகம் எடுத்துக்கொடுக்கிற ஆளாகி, இன்றைக்கு நூலகத்துச் சாவி என் இடுப்பில் தொங்குகிறது. நூலகர்கள் ஆறு பேர் வந்து போனார்கள். சாவி மட்டும் கை மாறவில்லை. அந்தச் சாவி என்னிடம் வந்ததிலிருந்து ஒரு புத்தகம்கூடக் காணாமல் போனதில்லை.

இப்போது இருக்கிற நூலகரம்மா கெங்கவல்லிக்காரர். அமைதியான பெண். ஒருநாள் லேப்டாப்பைத் திறந்து வைத்து, "ஐயா, புத்தகம் எல்லாத்தையும் ஆன்லைன்ல ஏத்தணுமாம். ஒவ்வொரு தட்டா எடுத்து, அந்தத் தட்டுல எத்தனாவது புத்தகம், பதிவு எண் என்னா, பேரு என்னான்னு கட்டம் கட்டமா போடணும். நான் பாத்துக்கறேன், நீங்க எடுத்து மட்டும் குடுங்க" என்றார்.

எனக்குச் சுருக்கென்று இருந்தது.

"ஏனுங்க மேடம், எனக்கு ஆகாதுன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்களா?"

"அய்யோ, அப்படி இல்லைங்கய்யா."

"அப்ப நானே ஏத்தறனுங்க. நீங்க தொடவே வேண்டாம்."

சொல்லிவிட்டேனே தவிர, முதல் நாள் என் போனில் ஒரு பெயரை அடிக்க அரை மணி நேரம் ஆனது. 'க'வைத் தேடினால் 'ங' வந்து நிற்கும். என் விரலோ வள்ளம் பிடித்துத் தடித்த விரல். ஒன்றைத் தொட்டால் பக்கத்தில் இரண்டு சேர்ந்து விழும். நூலகரம்மா பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார். மூன்றாம் நாள் மெதுவாக என் போனை வாங்கி, கட்டத்தில் ஒரு மைக் படத்தைக் காட்டி, "இதைத் தொட்டுட்டுப் பேசுங்க. அதுவே எழுதிக்கும்" என்றார்.

பேசினேன். எழுதியது! வாய் என்னுடைய சொத்து அல்லவா, அதற்கு எந்தப் பள்ளிக்கூடமும் தேவையில்லை. அதுவரை அடித்ததை அழித்துவிட்டு, முதல் தட்டிலிருந்து அன்றைக்குப் பிடித்தேன் வேகம். தட்டின் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, வலது பக்கம் கடைசிப் புத்தகம் வரைக்கும் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போவேன். பன்னிரண்டு நாளில் நூலகம் முழுவதையும் ஏற்றி முடித்தேன். இந்தக் கட்டுரையைக்கூட அதே மைக்கில் பேசித்தான் எழுதுகிறேன்.

"ஒருதடவ சரிபாத்துரலாமாங்கய்யா?" என்று கேட்டார் நூலகரம்மா.

"நான் அளந்ததை மறுபடி அளந்ததா சரித்திரமே இல்லீங்க" என்றேன்.

அவர் கேட்டது ஒரு புதன்கிழமை. சனிக்கிழமை அதிகாரி வந்து இருப்பைச் சரிபார்ப்பதாகத் தகவல். வியாழக்கிழமை சாயங்காலம் நூலகரம்மா பழைய பதிவேட்டையும் லேப்டாப்பையும் மாறி மாறிப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டார்.

"ஐயா, பதிவேட்டுல ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினாலு. ஆன்லைன்ல ரெண்டாயிரத்து எண்ணூத்து எழுபத்தேழுதான் இருக்குது."

"அப்படின்னா?"

"முப்பத்தேழு புத்தகம் குறையுதுங்கய்யா."

எனக்கு இன்னும் ஆறு மாதத்தில் ஓய்வு. புத்தகம் குறைந்தால் சாவி வைத்திருக்கிறவன்தான் பதில் சொல்ல வேண்டும். 'இவன் காலத்தில் புத்தகம் போயிற்று' என்று அதிகாரி ஒரே ஒரு வரி எழுதினால் போதும். துடைப்பத்தோடு உள்ளே வந்தவன் திருடன் என்ற பெயரோடு வெளியே போக வேண்டியதுதான்.

அந்த நேரம் பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் தலையைத் தூக்கினார். அவர் யார் என்றால், நான் அளந்த அதே மண்டியில் கணக்கு எழுதியவர். மகன் வீட்டோடு இங்கே வந்துவிட்டார். தினமும் ஒரு மஞ்சள் பையோடு வந்து, எல்லாப் பேப்பரையும் வாசித்துவிட்டுத்தான் போவார்.

"கடலை அளந்தவங்கிட்டப் புத்தகத்தக் குடுத்தா கொறையாம என்ன பண்ணும்?" என்று சிரித்தார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் செய்யக்கூடாத ஒன்றைச் செய்தேன்.

"உங்க பையத் தொறந்து காட்டுங்க" என்றேன்.

சிரிப்பு நின்றது. பெரியவர் என்னையே பார்த்தார். பிறகு பையை மேசைமேல் கவிழ்த்தார். கால் கிலோ கோவைக்காய், ஒரு மாத்திரை அட்டை, மடித்த குடை. ஒவ்வொன்றாகத் திரும்ப உள்ளே போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார். நூலகரம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு விடுமுறை. "ஏனுங்க, சோறு திங்காம எங்க கெளம்பிட்டீங்க?" என்று வீட்டில் கேட்டதற்குக்கூடப் பதில் சொல்லாமல் காலையிலேயே போய்த் திறந்தேன். நூலகரம்மா அச்சடித்து வைத்திருந்த பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு முதல் தட்டின் முன்னால் ஸ்டூலைப் போட்டேன்.

முதல் புத்தகம் வேளாண்மை பற்றியது. தட்டில் இருந்தது. பட்டியலில் இல்லை. இரண்டாவது புத்தகம் இரண்டிலும் இருந்தது. கடைசி வரைக்கும் இருந்தது. இரண்டாம் தட்டுக்குப் போனேன். முதல் புத்தகம் சமையல். தட்டில் இருக்கிறது, பட்டியலில் இல்லை. மூன்றாம் தட்டிலும் முதல் புத்தகம்தான். நாலாவதிலும் அப்படியே. எழுந்து நின்று மொத்தம் எத்தனை தட்டு என்று எண்ணிப் பார்த்தேன். முப்பத்தேழு.

திருட்டு இல்லை என்று அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. எந்தத் திருடனும் எடுத்ததைத் திரும்ப அதே இடத்தில் வைக்கமாட்டான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஆனாலும், தட்டில் இருக்கிற புத்தகத்தைப் போன் ஏன் எடுத்துக்கொள்ளவில்லை? முதல் புத்தகத்தின்மேல் மட்டும் அதற்கு என்ன கோபம்?

போனை எடுத்தேன். மைக்கைத் தொட்டேன். முதல் தட்டை எப்படிச் சொன்னேனோ அப்படியே மறுபடி சொன்னேன். சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்தேன். 'எத்தனாவது' என்ற கட்டத்தில் எழுதியிருந்தது: லாபம். அதற்குக் கீழே 2. அதற்குக் கீழே 3.

மண்டியில் யாரும் முதல் வள்ளத்தை ஒன்று என்று சொல்லி அளக்கமாட்டார்கள். லாபம், ரெண்டு, மூணு என்றுதான் அளப்பது. வியாபாரம் நல்ல சொல்லோடு தொடங்க வேண்டும் என்பதற்காக. மண்டியை விட்டு முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. என் நாக்கு இன்னும் அங்கேதான் நின்று அளந்துகொண்டிருக்கிறது, எனக்கே தெரியாமல்! பன்னிரண்டு நாளும் திரையில் அந்தச் சொல்லைப் பார்த்திருக்கிறேன். ஒரு தடவைகூட உறுத்தவில்லை.

நூலகரம்மாவுக்குப் போன் செய்தேன். விடுமுறை என்றும் பார்க்காமல் கால் மணி நேரத்தில் வண்டியில் வந்து சேர்ந்தார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு லேப்டாப்பைத் திறந்து, ஓரத்தில் நான் தொட்டே பார்க்காத ஒரு பக்கத்தைத் திறந்தார். 'ஏற்கப்படாதவை' என்று தலைப்பு. அதன் கீழே லாபம், லாபம், லாபம் என்று முப்பத்தேழு வரி.

"எண் போடற எடத்துல எழுத்து இருந்தா எடுத்துக்காதுங்கய்யா. தனியா ஒதுக்கி வெச்சுரும்" என்றவர், அதற்குமேல் பேச முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தேன். அது சிரிப்பில் வந்த தண்ணீர்தானா என்று கேட்காதீர்கள்.

முப்பத்தேழு இடத்திலும் 1 என்று என் கையாலேயே மாற்றினேன். அந்த ஒரே ஒரு எண்ணை அடிக்க இந்தத் தடித்த விரலுக்கும் முடிந்தது. கடைசி வரி ஏறியதும் மேலே மொத்தம் தானாக மாறியது. 2914. மதியம் வீட்டுக்குப் போய் மூன்று தட்டு சோறு சாப்பிட்டேன்.

சனிக்கிழமை அதிகாரி வந்தார். ஏழெட்டுத் தட்டில் புத்தகங்களை அவரே இழுத்துப் பார்த்தார், பட்டியலோடு ஒப்பிட்டார், குறைவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "யார் ஏத்தினது?" என்று கேட்டார். "ஐயாதான் சார். தனியா ஒருத்தரா" என்றார் நூலகரம்மா. நான் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டேன்.

ஆனால் என் கண் வாசலிலேயே இருந்தது. பதினொரு மணி வாக்கில் மஞ்சள் பை உள்ளே வந்தது. பெரியவர் நேராக என் மேசைக்கு வந்து, பையை வாய் திறந்து வைத்தார்.

"பாத்துக்கப்பா. அப்பறம் போயிப் பேப்பர் படிக்கறேன்."

"மாமா, அப்படிப் பண்ணாதீங்க" என்றேன். அதுவரை அவரை நான் மாமா என்று கூப்பிட்டதில்லை. "புத்தகம் கெடச்சிருச்சுங்க."

"எங்க இருந்துச்சு?"

"இருந்த எடத்துலயே இருந்துச்சுங்க."

வேறு வழியில்லாமல் நடந்ததைச் சொன்னேன். நக்கலடிக்கப் போகிறார் என்று பார்த்தால், பெரியவர் தலையை ஆட்டினார். "நான் கணக்கு எழுதுன காலம் பூராவும் மொத வரியில லாபம்னுதான் எழுதுனேன். இன்னைக்கும் மாத்திரைய எண்ணுனா லாபம்னுதான் வாயில வருது" என்றார். பிறகு பையைச் சுருக்கிக் கட்டினார். "அது சரி. எம் பைய எதுக்குப் பாத்த?"

மேசையைச் சுற்றிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன்.

"தப்புங்க மாமா" என்றேன்.

அவர் போய், எப்போதும் உட்காருகிற நாற்காலியில் உட்கார்ந்தார். நான் எதிர்க்கடைக்குப் போய் இரண்டு டீ வாங்கி வந்தேன். ஒன்றை அவர் முன்னால் வைத்தேன். பேப்பரை விட்டுக் கண்ணை எடுக்காமல் டம்ளரை மட்டும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.