தனலெட்சுமி துப்புரவாக்கிய அரை ஏக்கர்

தனலெட்சுமி 1956ஆம் ஆண்டு, மலேசியாவில் பகாவுக்குத் தெற்கே ஒரு தோட்டத்தின் நான்காவது டிவிஷன் லயத்தில் பிறந்தார். பதினான்கு வயதில் புல்வெட்டுக் கும்பலில் பேர் கொடுத்தார். 2011இல் டிவிஷனை மூடும்வரை நாற்பத்தொரு வருடம் அதே வேலை. மரத்தைச் சுற்றி ஆறடி வட்டத்தில் ஒரு புல்லும் இல்லாமல் மண் தெரிய வெட்ட வேண்டும். அங்கே கணக்கெழுதும் கிராணியாக இருந்தவன் என்பதால் சொல்கிறேன்: வட்டம் சரியில்லை என்று மேற்பார்வை பார்க்கும் மண்டோர் அவரை ஒரு நாளும் திருப்பி அனுப்பியதில்லை.

2014இல் கணவர் இறந்தார். மகனுக்குத் தொலைவில் பாசீர் கூடாங்கில் வேலை, தீபாவளிக்கு வருவார். தனலெட்சுமி பகாவில் ஒரு தாமான் குடியிருப்பில் தனியாக இருக்கிறார். இடப்பக்க வீடு பூட்டிக் கிடக்கிறது. வலப்பக்கத்தில் ஷிஃப்ட் வேலைக்காரர்கள். அவர்கள் பெயர் இவருக்குத் தெரியாது. இவர் பெயர் அவர்களுக்குத் தெரியாது.

ஆற்று வெள்ளம் ஏறும் அறுபத்திரண்டு ஏக்கரைத் தோட்டம் கைவிட்டபோது, அதை மறுபடி காடாக்கிப் பாதுகாக்கச் சுற்றுவட்டார மக்களுக்கு அனுமதி கிடைத்தது. 2023 மார்ச் 12, ஞாயிறு, வேலை தொடங்கியது. மலாய்க்காரர், சீனர், பழைய தோட்டத்து ஆட்கள் என முப்பத்தெட்டுப் பேர் வந்தார்கள். வருகைப் பதிவு என்னிடம். ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவேன். தனலெட்சுமி ஏழு மணி பஸ்ஸில் வந்து முதல் ஆளாக நிற்பார்.

"வாரத்துல இன்னைக்கு ஒரு நாள்தான் என் பேரை இன்னொருத்தர் சொல்லிக் கேக்குறேன், கிராணி" என்று ஒருமுறை சொன்னார்.

வேலையை நடத்தியவர் சிரம்பானிலிருந்து வரும் ஷாமினி, மரம் செடி படித்த பெண். அரை ஏக்கர் உள்ள மூன்றாவது பிளாக்கில் நாற்பது கன்றுகளை மட்டும் நட்டு, மிச்சத்தைத் தானாக முளைக்க விட்டிருந்தார். அங்கே யாரும் கத்தி வைக்கக் கூடாது என்று மலாயிலும் ஆங்கிலத்திலும் சொன்னார். அரைகுறை மலாய்தான் தெரிந்த தனலெட்சுமிக்குத் தமிழில் யாரும் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற நானும் சொல்லவில்லை. ஜூலைக் கணக்குப்படி அங்கே தானாக வந்த கன்றுகள் 318, பெரும்பாலும் மஹாங் மரக்கன்றுகள்.

ஆகஸ்ட் 17, வியாழக்கிழமை, தனலெட்சுமி தனியாக பஸ் ஏறி வந்து காலை முதல் நாலு மணிவரை அங்கே வெட்டினார். ஞாயிறன்று எங்களை முன்னால் நடந்து அழைத்துப் போனார்.

"பாருங்க கிராணி. எந்த மண்டோர் வந்தாலும் குறை சொல்ல முடியாது."

நட்ட நாற்பது கன்றுகளைச் சுற்றியும் நாற்பது வட்டங்கள். வட்டங்களுக்கு இடையிலும் மண்தான். ஷாமினி தரையில் உட்கார்ந்துவிட்டார்.

லாரி ஓட்டும் தர்மராஜ்தான் வாய் திறந்தார். "காடு வளக்கச் சொன்னா பாடாங் போட்டு வச்சிருக்கீங்களே அக்கா. கோல் போஸ்ட் மட்டும்தான் லா பாக்கி."

எல்லாரும் சிரித்தார்கள். தனலெட்சுமியும் சிரித்தார். பிறகு ஷாமினியின் முகத்தைப் பார்த்தார்.

"நட்டது ஒண்ணைக்கூட நான் தொடலம்மா."

"தெரியுது ஆன்ட்டி." ஷாமினி வெட்டுப்பட்ட ஒரு தண்டைக் காட்டினார். "இது குருவி போட்ட விதை. தானா வந்துச்சு. இதுக்குத்தான் நாம காத்துக்கிட்டு இருந்தோம்."

"இதுவா? இது களைதானே?"

அன்று நான் எண்ணினேன். தானாக வந்தவற்றில் ஓரங்களில் மிஞ்சியவை 27.

அடுத்த மூன்று ஞாயிறும் அவர் வரவில்லை. பெயரைக் கூப்பிட்டேன், கோடு போட்டேன். செப்டம்பர் 12, செவ்வாய், அவர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்ததும், "பேரை அடிச்சிட்டீங்களா?" என்றார்.

"இல்லை. ஷாமினி வரச் சொல்லுது."

"அது நல்ல புள்ளை, சொல்லும். என் கைக்கு யாரு சொல்றது? பச்சையா ஒண்ணு நின்னா கை தானா போவுது. மறுபடி வெட்டிட்டேன்னா? அப்புறம் யாரும் என்னைச் சேக்க மாட்டாங்க. இருந்தது அந்த ஒரு இடம்தான்." பிறகு கேட்டார்: "எல்லாத்தையும் வெட்டுற இடம் ஏதாச்சும் அங்க இருக்கா?"

இருந்தது. தெற்கு எல்லையில், பக்கத்துத் தோட்டத்திலிருந்து கொடியும் தீயும் ஏறாமலிருக்க, 410 மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலத்துக்கு எப்போதும் வெறும் மண்ணாக வைத்திருக்க வேண்டிய கோடு. தூரம் என்பதால் யாரும் அங்கே போக விரும்புவதில்லை. ஷாமினியிடம் கேட்டேன். உடனே சம்மதித்தார்.

செப்டம்பர் 17 முதல் 2024 டிசம்பர் 29 வரை அறுபத்தெட்டு ஞாயிறுகள். மழையாலும் பண்டிகையாலும் வேலை நடக்காதவை ஒன்பது. மீதி ஐம்பத்தொன்பதிலும் தனலெட்சுமி வந்தார். எல்லைக்கோட்டில் புல் இல்லை. மூன்றாவது பிளாக்கில் இப்போது தானாக வந்த கன்றுகள் 203 இருக்கின்றன.

பத்து மணிக்குக் கூடாரத்தில் தேத்தண்ணி. எல்லைக்கோட்டிலிருந்து அங்கே வர மூன்றாவது பிளாக்கைத் தாண்ட வேண்டும். கத்தியை வைத்துவிட்டு வாருங்கள் என்று ஷாமினி பலமுறை கூப்பிட்டுவிட்டார். "நீங்க குடிங்கம்மா" என்பார். ஐம்பத்தொன்பது நாளில் மூன்று நாள்தான் வந்து உட்கார்ந்தார். மூன்றும் தர்மராஜ் லாரியில் ஏற்றி, பிளாக்கைச் சுற்றி அழைத்து வந்த நாட்கள். மற்ற நாட்களில் அவர் வெட்டும் சத்தம் பதினொரு மணிவரை கேட்கும். கூடாரத்திலிருந்து பார்த்தால் ஆள் தெரியாது.