மணிக்கு வராதவர்கள்

வேனில் போனவர்கள் இவர்கள். நான். என் தங்கச்சி. ஹட்டன் துணிக்கடையில் நிற்கிற அவள் மகள். எங்கள் தேயிலைத் தோட்டத்துச் சங்கத் தலைவர். வேன் ஓட்டியவர் உள்ளே வரவில்லை. வெளியே சீட்டைச் சாய்த்துப் படுத்துவிட்டார். அவரைச் சேர்க்கவில்லை.

பாராளுமன்றம் பார்க்கப் போனோம் என்று எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பேசிக்கொண்டார்கள். பார்க்கப் போகவில்லை. தங்கச்சியின் காம்பராவுக்காக, அவள் குடியிருக்கிற ஒற்றை அறைக்காகப் போனோம்.

அவள் புருஷன் செத்துப்போனார். அவள் மலையில் விழுந்து இடுப்பு போய்விட்டது. கொழுந்து எடுக்க முடியாது. மகளுக்குத் தோட்டத்தில் வேலை இல்லை. வேலைக்கு ஆள் போகாத காம்பராவைத் தோட்டம் திருப்பிக் கேட்கும். மாசக் கடைசியில் விட்டுவிட வேண்டும் என்று வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா வந்து சொன்னார். தோட்டத்தை நடத்துகிற தொரை சொன்னதைச் சொன்னார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. என் காம்பராவில் மகன், மருமகள், பிள்ளைகள். அவளுக்குப் பாய் விரிக்க இடம் கிடையாது.

எங்கள் பக்கத்து எம்.பி. ஒருவர் ஒரு சட்டமூலம் கொண்டுவந்திருந்தார். லயத்தில் குடியிருப்பவர்களை, வேறு இடம் காட்டாமல் எழுப்பக் கூடாது என்பது அது. அந்த வெள்ளிக்கிழமை அதைப் பற்றிப் பேச்சு. நாங்கள் உள்ளே போக அவரே ஏற்பாடு செய்தார்.

வட்டவளையில் ஏறியதிலிருந்து தலைவர் விளக்கிக்கொண்டு வந்தார்.

"மொதல்ல வர்த்தமானியில, அதான் கெசட்டுல, போடுவாங்க. யாராச்சும் கோர்ட்டுக்குப் போனா அங்க நிக்கும். போகலேன்னா சபைக்கு வரும். மொத வாசிப்பு சும்மா பேருக்கு. நம்ம ஆளு மந்திரி இல்ல, அதனால மந்திரிகிட்ட அறிக்கை கேப்பாங்க. அதெல்லாம் முடிஞ்சிருச்சு. இன்னிக்கு ரெண்டாம் வாசிப்பு. பொறகு வரி வரியாப் பாப்பாங்க. அப்புறம் மூணாவது. சபாநாயகர் கையெழுத்து வச்சாத்தான் சட்டம்."

"அம்புட்டுக்கும் மாசக் கடைசி காத்துக்கிட்டு இருக்குமா தலைவரே?" என்றாள் தங்கச்சி.

"ரெண்டாம் வாசிப்பு தாண்டிட்டா தொரை கொஞ்சம் யோசிப்பாருல்ல."

"அவரு யோசிக்கிறதுக்கு நான் இம்புட்டு தூரம் வாந்தி எடுத்துக்கிட்டு வரணும்."

கினிகத்தேனைக்குக் கீழே வளைவுகள் மோசம்.

பாராளுமன்ற வாசலில் போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். கை தட்டக் கூடாது, விரல் நீட்டக் கூடாது என்றார்கள். மேலே பார்வையாளர் இடத்தில் உட்கார்ந்து கீழே சபையைப் பார்த்தோம்.

நான் கங்காணி. காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களை எண்ணி மலைக்கு அனுப்புகிற வேலை. நாலு பேர் கூடிய இடத்தைப் பார்த்தாலும் எண்ணிவிடுவேன். பழக்கம். கீழே இருநூற்றிருபத்தைந்து பேருக்கு இடம் என்று தலைவர் சொன்னார். நாற்காலிதான் தெரிந்தது.

எங்கள் எம்.பி. எழுந்து தமிழில் பேசினார். புருஷன் போனவள், உழைத்து உடம்பு போனவள் எங்கே போவாள் என்று கேட்டார்.

"அக்கா, என்னயத்தான் சொல்றாரு," என்று தங்கச்சி என் கையைப் பிடித்தாள்.

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் எழுந்தார். சிங்களத்தில் ஒரே வார்த்தை பேசிவிட்டு உட்கார்ந்தார். மகள் காதோடு சொன்னாள். "ஆள் காணாதுங்கிறாரு பெரியம்மா. இருவது பேராச்சும் இருக்கணுமாம். இல்லாட்டி சபை நடத்த முடியாதாம்."

அவர் சட்டத்தை எதிர்த்து ஒன்றும் பேசவில்லை. ஆள் காணாது என்று மட்டும்தான் சொன்னார்.

மணி அடித்தது. விடாமல் அடித்தது. தங்கச்சி முகம் தெளிந்தது.

"மணி அடிச்சிட்டாங்கள்ல. இப்ப ஓடி வருவாங்க பாரு."

நானும் அப்படித்தான் நினைத்தேன். எங்கள் தோட்டத்தில் பெரட்டு மணி அடித்தால் பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவளும் ஓடி வருவாள். பிந்தினால் பேர் கிடையாது. பேர் இல்லை என்றால் அன்றைய சம்பளம் இல்லை. மணி அடித்தும் வராமல் இருக்கலாம் என்பது எங்கள் புத்திக்கு எட்டவில்லை.

சிலர் வந்தார்கள். ஒருவர் வாயைத் துடைத்துக்கொண்டே வந்தார். நான் எண்ணினேன். வந்து உட்கார்ந்த ஒருவர் எழுந்து வெளியே போனார். திரும்ப எண்ணினேன்.

"நம்ம நாலு பேரயும் கீழ எறக்கிவிட்டா சரியாப் போயிரும்," என்றார் தலைவர். மகள் சிரித்துவிட்டாள். காவலுக்கு நின்றவர் பார்த்தார். வாயை மூடிக்கொண்டோம்.

மணி நின்றது. மேசையடியில் இருந்தவர் விரல் நீட்டி எண்ணினார். விரல் நீட்டக் கூடாது என்பது மேலே இருப்பவர்களுக்கு மட்டும் போல. சபையை ஒத்திவைத்தார்கள். செங்கோலைத் தோளில் வைத்துக்கொண்டு ஒருவர் போனார். எல்லாரும் எழுந்து நின்றோம்.

எம்.பி. எங்களை வெளியே வந்து பார்த்தார். அவருக்கும் முகம் சரியில்லை.

"இன்னொரு வெள்ளிக்கிழமை எடுப்பாங்கம்மா."

"எந்த வெள்ளிங்க ஐயா?" என்றாள் தங்கச்சி.

"முறை வரணும்."

திரும்பி வரும்போது அவள் வாந்தி எடுக்கவில்லை. கித்துல்கல தாண்டித்தான் ஒன்று கேட்டாள். "வராதவங்களுக்கு அங்க பேர் விழுமா தலைவரே?"

அந்த முறை வரவே இல்லை. பாராளுமன்றத்தைக் கலைத்துவிட்டார்கள். கலைத்தால் அரைகுறையாக நிற்பதெல்லாம் செத்துவிடுமாம். மறுபடியும் வர்த்தமானியிலிருந்து வர வேண்டுமாம்.

மாசக் கடைசி அதற்கெல்லாம் முந்தி வந்துவிட்டது. தங்கச்சி காம்பராவைக் கூட்டினாள். அடுப்புச் சாம்பலை அள்ளி வெளியே கொட்டினாள். ஹட்டனில் மகள் தங்குகிற வாடகை அறைக்குப் போனாள். அங்கே ஏற்கெனவே மூன்று பெண்கள். சாவியை நான்தான் கண்டாக்கு ஐயாவிடம் கொடுத்தேன். அவர் கதவைப் பூட்டி, இழுத்துப் பார்த்தார். போகாமல் நின்றார்.

"கொழும்புக்குப் போனீங்களாமே. மணி அடிச்சாங்களாமே."

"ஆமாங்க."

"எத்தன பேரு, கங்காணியம்மா?"

தினமும் காலையில் பெரட்டில் அவர் என்னிடம் கேட்கிறது அது. நான் நேராக நின்று சொன்னேன்.

"பத்தொம்பது."