வாசித்துச் சொல்லாத பரீட்சை

போன வருஷம், மழை ஓய்ந்து கொஞ்சம் வெயில் முகம் காட்டிய நேரம். மகள் மும்பை தாராவியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலுள்ள தமிழ்ப் பள்ளியில் நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். மாநிலம் முழுக்க ஒரே மாதிரி கேள்வித்தாள் வைத்துப் புதிதாக ஒரு பரீட்சை நடத்தப்போகிறார்கள் என்று பள்ளியில் சொன்னார்கள். நான் அலட்டிக்கொள்ளவே இல்லை. கணக்கில் என் மகளை அடிக்க ஆள் கிடையாது என்ற திமிர் எனக்கு.

நான் திருநெல்வேலிப் பக்கம் ப்ளஸ் டூ வரை படித்துவிட்டு, கல்யாணமாகி இங்கே வந்தவள். வீட்டில் முறுக்கு சுட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறேன். கணவர் தாராவியிலேயே பிறந்து, இந்தி மீடியத்தில் படித்தவர். தோல் பை தைக்கும் கார்கானாவில் வேலை. ஆகவே பிள்ளையின் படிப்பு முழுக்க என் இலாகா. சாயங்காலம் மாவு பிசைந்துகொண்டே, விரித்து வைத்த புத்தகத்தைப் பார்த்துக் கேள்வியைச் சத்தமாக வாசிப்பேன். நான் முடிப்பதற்குள் அவள் விடையைச் சொல்லிவிடுவாள். எனக்குப் பெருமை பிடிபடாது. பள்ளியில் நடக்கும் சின்னப் பரீட்சைகளிலும் டீச்சர் கேள்விகளை ஒருமுறை வாசித்துச் சொல்லிவிடுவார். அதனால் மார்க்குக்கு என்றைக்கும் குறைவில்லை.

புதுப் பரீட்சையின் ரிசல்ட் வந்தது. கணக்கில் பாதிகூடத் தேறவில்லை. போனில் பார்த்தபோது வேறு பிள்ளையின் மார்க்கை அனுப்பிவிட்டார்களோ என்றுதான் நினைத்தேன். கணவருக்கோ கோபம் தலைக்கேறிவிட்டது.

"இத்தன நாளும் சும்மா மார்க்க அள்ளிப் போட்டிருக்காங்கட்டி. நெசமான பரீட்சை வந்ததும் தெரிஞ்சிபோச்சில்லா? பிள்ளைய ஊர்ல ஹாஸ்டல்ல சேத்துருவோம்."

சொன்னதோடு நிற்கவில்லை. ஊரிலிருக்கும் தன் அண்ணனுக்குப் போன் போட்டு ஹாஸ்டலில் இடம் இருக்கிறதா என்று விசாரிக்கச் சொல்லிவிட்டார். மகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று அவள் சாப்பிடவே இல்லை. "இனிமே சரியா எழுதுதேம்மா, என்னைய அனுப்பாதீங்க" என்று என் சேலையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த வாரமே பள்ளியில் பெற்றோர் கூட்டம். மூன்று பேரும் போனோம். டீச்சர் சின்ன வயசுக்காரர், செம்பூரிலிருந்து வருகிறவர். டி.சி. வேண்டும் என்று கணவர் சொன்னதும் அவர் பதறவில்லை. கேள்வித்தாளை எடுத்து மேசைமேல் விரித்தார். வெறும் கூட்டல், பெருக்கல் எல்லாம் என் மகள் சரியாகப் போட்டிருந்தாள். நாலு வரி படித்துப் போட வேண்டிய கணக்குகள் அத்தனையும் தப்பு.

"இதுல ஒண்ணை இப்போ போடட்டுமே" என்றார் டீச்சர்.

பழக்கதோஷம். நான் தாளை என் பக்கம் இழுத்துக் கடகடவென்று வாசித்தேன். ஒரு பெட்டியில் ஆறு வரிசைகளில், வரிசைக்கு எட்டாகப் பழங்கள் அடுக்கப்பட்டுள்ளன, அவற்றுள் ஐந்து அழுகிவிட்டன, எஞ்சியவை எத்தனை என்ற கணக்கு அது.

"நாப்பத்தி மூணு" என்றாள் மகள்.

"வருதே! பெறகு எப்படித் தப்பாச்சு?" என்றார் கணவர்.

டீச்சர் தாளை மகள் பக்கம் திருப்பி வைத்து, "அடுத்ததை நீயே வாசிச்சுப் போடும்மா" என்றார். மகள் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினாள். இரண்டாவது வரியில் நீளமாக ஒரு சொல் வந்ததும் நின்றுவிட்டாள். நின்று, தாளைப் பார்க்காமல் என் வாயைப் பார்த்தாள். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

கணவருக்கு விளங்கவில்லை. "இதுகூட வாசிக்க வராதா, கொண்டா இங்க" என்று தாளை வாங்கினார். முதல் வரியைத் தட்டுத்தடுமாறித் தாண்டினார். அதே சொல்லில் அவரும் நின்றார். நெற்றி வேர்த்துவிட்டது. நான் வாயைத் திறக்கப் போனேன். டீச்சர் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். மகள் மெல்ல அவர் கைப்பக்கம் நகர்ந்து, "முதல்ல பாதிய மட்டும் வாசிப்போம்ப்பா" என்றாள். இரண்டு பேரும் உடைத்து உடைத்து அந்தச் சொல்லைத் தாண்டினார்கள். பிறகு கணக்கையும் அவளே போட்டாள். விடை சரி.

"இந்தப் பரீட்சையில நாங்க கேள்வியை வாசிச்சுச் சொல்லக்கூடாது. இது பாஸா ஃபெயிலான்னு பார்க்கிறதுக்கு இல்லீங்க, எங்க சிக்குதுன்னு பார்க்கிறதுக்கு. இவளுக்குக் கணக்கு நல்லா வருது, வாசிக்கத்தான் வரலை. வகுப்புல நிறையப் பேருக்கு இப்படித்தான். நானும் இனிமே வாசிச்சுச் சொல்றதை நிறுத்தணும்" என்றார் டீச்சர்.

டி.சி. பேச்சை யாரும் எடுக்கவில்லை. வெளியே வந்தோம். ரோட்டைக் கடக்க நின்றபோது ஊரிலிருந்து அண்ணன் போன். ஹாஸ்டலில் இடம் இருக்கிறதாம். மகள் என் கையை இறுக்கிக்கொண்டாள். கணவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்:

"வேண்டாம்ணே. பிள்ளைக்குக் கணக்கு வருது. வாசிக்கத்தான் பழகணும். எனக்குந்தான்."

அவர் இப்படி ஒன்றை ஒத்துக்கொண்டு நான் கேட்டதே இல்லை. அந்த நடுரோட்டிலேயே அழுதுவிட்டேன். இப்போது சாயங்காலங்களில் அப்பாவும் மகளும் மாற்றி மாற்றி வாசிக்கிறார்கள். நான் முறுக்கு பிழிவதோடு சரி. அவள் எங்கே சிக்கி நிற்கிறாள் என்று பெற்றவர்கள் நாங்கள் ஒருநாளும் பார்க்காமல், ஒரு மார்க்கை மட்டும் பார்த்து அவளை ரயிலேற்றிவிட இருந்தோமே என்று நினைத்தால், இன்றும் எனக்கு நெஞ்சு பதறுகிறது.