சுவரோடு போனவர்

டெல்லி லக்ஷ்மிபாய் நகரில் எங்கள் கீழ்வீட்டில் ஓர் ஓய்வுபெற்ற அதிகாரி இருந்தார். குளிர் போன பிறகும் சாம்பல் நிற ஸ்வெட்டரைக் கழற்ற மாட்டார். பேசும்போது, எதிரில் இருப்பவர் குறித்துக்கொள்ளட்டும் என்பது போல நடுநடுவே நிறுத்துவார்.

நான் புகைப்படம் திருத்துகிறவன் என்று தெரிந்ததும், ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு வந்தார். லோதி தோட்டத்தில் ஒரு பழைய சுவர் முன்னால் இருவரும் நிற்கும் படம். பின்னணியை வெள்ளையாக்க வேண்டுமாம்.

ஆட்களைத் தானாகவே பிரித்தெடுக்கும் பொத்தானை அழுத்தினேன். மனைவி மட்டும் பளிச்சென்று நின்றார். ஸ்வெட்டரும் சுவரும் ஒரே நிறம். மென்பொருள் அவரைச் சுவரோடு சேர்த்து அழித்துவிட்டது.

"வீட்டுல இவர் இருந்தும் சுவர் மாதிரிதான்னு அதுக்கும் தெரிஞ்சுபோச்சு!" என்று மனைவி சிரித்தார்.

"அச்சா, இன்னொரு தடவை அழுத்துங்க தம்பி" என்றார் அவர்.

அழுத்தினேன். மறுபடியும் அவர் இல்லை.

"கையாலேயே உங்களைச் சேர்த்துடறேன் சார்."

"சிபாரிசெல்லாம் வேண்டாம். நான் இருக்கேன்னு அதுவா சொல்லணும்."

மறுநாள் மாலை, நீலக் கோட்டு போட்டுத் தனியாக எடுத்துக்கொண்ட படத்துடன் வந்தார். இந்த முறை மென்பொருள் காதோர முடிகூடப் பிசகாமல் அவரைப் பிரித்து, வெள்ளைப் பின்னணியில் நிறுத்தியது. ஜெயித்துவிட்டார். திரையையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"என்னமோ மாதிரி இருக்கே தம்பி. பக்கத்துல அவளை வைக்க முடியுமா?"

வைத்தேன்.

"இன்னும் கொஞ்சம் கிட்ட" என்றார். தோளோடு தோள் ஒட்டிய பிறகும், இன்னும் கொஞ்சம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.