ஒரு குழம்பும் இரு மேசைகளும்

இன்று காலை அயல்வீட்டுப் பெண் வேலிக்கு மேலால் ஒரு கிண்ணம் பொங்கலை நீட்டினார். வறுத்த பயறும் சர்க்கரையும் கலந்த அந்த மணத்தில், உடுப்பிட்டி வீட்டில் நாங்கள் வளர்த்த கோழிகள் நினைவுக்கு வந்தன. சிரிக்க வேண்டாம், காரணம் உண்டு.

அண்ணையும் நானும் இளமையில் ஒரு கண்டிப்பான கிறிஸ்தவச் சபையில் சேர்ந்திருந்தோம். பிற தெய்வத்துக்குப் படைத்ததை உண்ணலாகாது என்பது அதன் விதி. ஆகவே தைப்பொங்கல்தோறும் அயலில் இருந்த செல்லமக்கா அன்போடு தருவதை வாங்கிக் கோழிகளுக்கு இடுவோம். அக்கோழிகளின் முட்டையைப் பொரித்து உண்பதில் எங்களுக்கு எந்த ஐயமும் எழுந்ததில்லை. செல்லமக்கா யாவும் அறிந்தவர். "எடேய், உங்கடை கோழியள் எல்லாம் சைவ சமயத்துக்கு மாறீட்டுதுகள். நீங்கள்தான் மிச்சம்" என்பார். அடுத்த ஆண்டும் கொண்டுவருவார்.

எங்கள் சபை கூடிய தகரக் கொட்டகைக்கு வெளியே மீட்பு இல்லையென முழுமனத்துடன் நம்பினேன். அத்தனை சிறிய கூட்டத்துக்கு விண்ணகம் சற்றுப் பெரிதல்லவா என்று தோன்றவேயில்லை. ஒருமுறை நான் காய்ச்சலிற் கிடந்தபோது, அண்ணை வேலைக்குப் போயிருந்த வேளைகளில் செல்லமக்காதான் கஞ்சி ஊட்டினார். எழுந்து நடமாடியதும் சபை மூப்பரிடம் கேட்டேன்: "ஐயா, செல்லமக்காவும் நரகத்துக்கோ?"

அவர் தேநீரை ஊதியபடியே, "ஓம், அதிலை என்ன சந்தேகம்?" என்று சொல்லி ஒரு மிடறு குடித்தார். அந்த விடையைவிட அந்த மிடறுதான் என்னை வெளியேற்றியது.

விலகியவனோடு ஒரே மேசையில் உண்ணலாகாது என்பது இன்னொரு விதி. அண்ணை அதை ஒருநாளும் மீறவில்லை. என்னை வரவேண்டாம் என்றும் சொல்லவில்லை. நான் பருத்தித்துறையில் குடியேறிய பின்னும் சனிக்கிழமைதோறும் அண்ணையின் உடுப்பிட்டி வீட்டுக்குப் போவேன். எனக்கு விறாந்தையில் ஒரு மேசை, அவருக்கு உள்ளே ஒன்று. விதி மேசையைத்தான் தடுத்தது, குழம்பைத் தடுக்கவில்லை. உள்ளேயிருந்து குரல் வரும்.

"தம்பி, குழம்புக்கு உப்புக் காணுமோ?"

"காணும் அண்ணை, போதும்."

"பொய் சொல்லாதை. உன்ரை மச்சாள் இண்டைக்கும் மறந்துபோனா."

சுவரின் இருபுறமும் சிரிப்போம். நான் திரும்பி வரவேண்டுமென அவர் நாள்தோறும் அழுது செபிப்பதாக மச்சாள், அதாவது அண்ணையின் மனைவி, சொல்வார். அவருடைய கொள்கையை மறுக்க என்னிடம் வாதங்கள் இருந்தன. அந்த அழுகையை மறுக்க ஒன்றுமில்லை.

இப்போது அண்ணைக்கு நினைவு கலைந்துவிட்டது. பொங்கலை உண்டுவிட்டு நண்பகலில் அங்கே போனேன். விறாந்தை மேசையில் அமர்ந்த என்னை அவர் எட்டிப் பார்த்தார்.

"ஏன் தனிய இருக்கிறியள்? இஞ்சை வந்து சாப்பிடுங்கோவன்."

மச்சாளைப் பார்த்தேன். "போங்கோ. அவர் கூப்பிடேக்கை நான் என்ன செய்ய?" என்றவர், தம் தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார்.

காலமெல்லாம் ஏங்கிய அந்தக் கதிரையில் அமர்ந்தேன். இது அவர் எனக்கு இடும் விருந்தா, அவர் காத்த விதிக்கு நான் இழைக்கும் இரண்டகமா? தீர்ப்புச் சொல்லத்தக்க உறுதியான மெய் எதுவும் என் கைவசம் இல்லை. அண்ணை பெரிய மீன்துண்டை என் தட்டில் வைத்தார்.

"ஐயா எவடம்?"

"பருத்தித்துறை."

"என்ரை தம்பியும் அங்கைதான். வருவான். உந்த விறாந்தையிலைதான் இருந்து சாப்பிடுவான்."

பிறகு கதவுப்பக்கம் திரும்பி, "தம்பி, குழம்புக்கு உப்புக் காணுமோ?" என்று குரல் கொடுத்தார்.

விறாந்தையில் மறுமொழி சொல்ல ஒருவரும் இல்லை.