எல்லாக் காயும் இருக்கா?

அண்ணியின் பெட்டி என்றதும் நகைப்பெட்டியை நினைக்க வேண்டாம். திருகாணிகளையும் போல்ட்டுகளையும் வகை பிரித்துப் போட விற்பார்களே, உள்ளே சின்னச் சின்ன அறைகளும் கண்ணாடி மாதிரி மூடியுமாக ஒரு பிளாஸ்டிக் பெட்டி, அதுதான். ஒரு மழைநாளில் சாந்தினி சந்தையில் வாங்கினார். நானும் கூட இருந்தேன். அதில் அவர் விளையாட்டுக் காய்களை அடுக்கினார். லூடோ காய்கள் நிறவாரியாகத் தனித்தனி அறைகளில். பகடைகளுக்கு ஓர் அறை, உருண்டு சத்தம் போடாமலிருக்க அடியில் பஞ்சு. சதுரங்கக் குதிரைகள் ஒன்றையொன்று முட்டாமல் படுத்திருக்கும். ஆன்லைனில் வாங்கிய, ஊர் கட்டி ஆடும் ஓர் ஆட்டத்தின் குட்டி மர வீடுகள் கூர்க்கூரை மேலே தெரிய நிற்கும். அலுவலகத் தோழிகளிடம் அண்ணியின் நேர்த்தியைப் பற்றி நான் பெருமையாகச் சொல்லித் திரிந்திருக்கிறேன்.

வங்காளத்தில், பவானிபூரில் எங்கள் வீடு. அப்பாவின் ரயில்வே வேலை எங்களை மதுரைப் பக்கமிருந்து இங்கே கொண்டு வந்தது. ஓய்வு பெற்றதும் அவர் அம்மாவோடு ஊருக்குத் திரும்பிவிட, அண்ணனுக்கு மத்திய அரசு அலுவலகத்தில் வேலை என்பதால் அவனும் அண்ணியும் நானும் இங்கேயே தங்கிவிட்டோம். சனிக்கிழமை மாலைகளில் மூவரும் ஆடுவோம். அண்ணனுக்கு ஆட்டம் பிடிக்கும், தோற்கப் பிடிக்காது. அண்ணியின் கன்னத்தில் முதல் அறை விழுந்தது ஒரு வெள்ளைக் குதிரைக்காக. அதைக் காணவில்லை. "ஒரு காய ஒழுங்கா வைக்கத் துப்பில்ல, நீயெல்லாம் என்ன பொம்பள?" என்று கேட்டான், பதில் வருவதற்குள் கை வந்தது. குதிரை மறுநாள் அவன் சட்டைப்பையிலேயே கிடைத்தது. அவன் அதை மேசையில் வைத்துவிட்டுக் காப்பி கேட்டான். அந்த வாரம்தான் அண்ணி பெட்டி வாங்கினார்.

அதன்பிறகு அவன் அலுவலகத்திலிருந்து வருமுன் பெட்டியைத் திறந்து பார்ப்பது அவருக்கு வழக்கமாயிற்று. காய் குறையாவிட்டாலும் அடி குறையவில்லை. சாம்பாரில் உப்பு, துவைத்த சட்டையில் மடிப்பு, போனை எடுக்கத் தாமதம், ஏதாவது ஒன்று கிடைத்தது. நான் குறுக்கே போனால் என்னைச் சுவரோரம் தள்ளிவிட்டு அண்ணியை அறைக்குள் இழுத்துப்போய்த் தாழிடுவான். "மாடிப்படியில வழுக்கிட்டேன்," என்று பக்கத்து வீட்டுக் காக்கிமாவிடம் வங்காள மொழியில் சொல்வார் அண்ணி. காக்கிமா அவர் முகத்தையும் படியையும் மாறி மாறிப் பார்ப்பார்.

துர்கா பூஜையின் அஷ்டமி பகல் அது. தெருமுனைப் பந்தலில் முரசு அதிர, ஜன்னல் கம்பியெல்லாம் நடுங்கிக்கொண்டிருந்தது. அண்ணனின் அலுவலக நண்பர் ஒருவர் வந்திருந்தார். ஊர் கட்டும் ஆட்டம் ஆடினார்கள், அண்ணி ஜெயித்துவிட்டார். ஜெயித்தது தெரிந்ததும் அவர் முகத்தில் வந்தது சிரிப்பல்ல, திகில். நண்பரோ கைதட்டி, "பௌதி ஜிதே கேச்சேன்! அண்ணி ஜெயிச்சுட்டாங்க! உங்க வீட்டு ராஜா யாருன்னு இப்ப தெரிஞ்சுபோச்சு!" என்றார்.

நண்பரைத் தெருவரை போய் வழியனுப்பிவிட்டு அண்ணன் திரும்பி வந்தான். ஷூவைக் கழற்றவில்லை. கதவைத் தாழிட்டான். அண்ணி தரையில் மண்டியிட்டுக் காய்களை அறை அறையாக வைத்துக்கொண்டிருந்தார்.

"எல்லாக் காயும் இருக்கா?"

"இருக்குங்க."

"நல்லாப் பாரு."

"பாத்துட்டேங்க. எல்லாம் இருக்கு."

ஒன்றாவது குறைந்திருக்க வேண்டும் என்று அவன் எதிர்பார்த்தானோ என்னவோ. பெட்டியை ஓங்கி உதைத்தான். அது சுவரில் மோதிப் பிளந்தது. காய்கள் கூடமெங்கும் சிதறின. அண்ணி அனிச்சையாகக் கையை விரித்து, அருகில் கிடந்தவற்றை மூடினார். அந்தக் கையின் மேல் அவன் ஷூக்கால் இறங்கியது. இறங்கியதோடு நிற்கவில்லை, சிகரெட்டை அணைப்பதுபோலத் திருகியது. கைக்கடியில் இருந்த மர வீட்டின் கூரை உள்ளங்கையைக் கிழித்தது. சுண்டுவிரல் முறிந்த சத்தம் முரசையும் மீறி எனக்குக் கேட்டது. கூந்தலைப் பிடித்து அவரை அறைப்பக்கம் இழுத்தபோதுதான் அண்ணியின் வாயிலிருந்து ஓர் ஒலி வந்தது; அது மனிதக் குரலாக இல்லை.

சுவரோரம் கேரம் பலகை சாய்ந்திருந்தது. கனமான பலகை. அதைத் தூக்கி அண்ணனின் முழங்காலில் அடித்தேன். அவன் அண்ணியை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, "என்னையவா அடிக்கிற, நாயே?" என்றான். அவன் கை என் கழுத்துக்கு வந்தது. இந்த முறை தோளில் அடித்தேன். அவன் காய்களின் மேல் சரிந்து விழுந்தான். எழ முயன்றபோது இன்னொரு அடி அடித்தேன்.

"தோர்ஜா கோலோ!" என்று காக்கிமா வெளியே கதவை இடித்துக்கொண்டிருந்தார். திறந்தேன். உள்ளே வந்தவர் ஒரு கேள்வியும் கேட்காமல் தன் சேலைத் தலைப்பை அண்ணியின் கையில் சுற்றினார். அந்தச் சிவப்புக்கரை வெள்ளைப் புடவை பூஜைக்காக வாங்கியது. பிறகு ஜன்னலருகே போய்ப் பந்தலில் இருந்தவர்களைப் பெயர் சொல்லி அழைத்தார். அவர்கள் மேலே வந்து அண்ணனைச் சூழ்ந்து நின்றபின்தான் நாங்கள் படியிறங்கினோம்.

மருத்துவமனையில் டாக்டர் எப்படி அடிபட்டது என்று கேட்டார். மாடிப்படி வந்துவிடுமோ என்று நான் பயந்தேன். அண்ணி அவரை நேராகப் பார்த்து, "ஆமார் ஷாமீ மேரேச்சே," என்றார். என் கணவர் அடித்தார். அதையே காவல் நிலையத்திலும் சொன்னார். அவர் சொன்னதன் கீழே சாட்சியாக நான் கையெழுத்திட்டேன்.

அம்மா ஊரிலிருந்து போனில் அழுதார். "கூடப் பொறந்த அண்ணன் மேலயே கைய ஓங்கிட்டியேடி."

"ஓங்கலம்மா. அடிச்சேன்."

வழக்கு நடந்தது, விவாகரத்தும் ஆனது. அண்ணன் வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிப் போய்விட்டான். அண்ணி இப்போது டாலிகஞ்சில் ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். பக்கத்திலேயே வாடகை வீடு. உறவு சட்டப்படி முடிந்துவிட்டாலும் நான் அவரை வேறெப்படியும் கூப்பிட்டதில்லை. ஞாயிறு காலைகளில் உடன் வேலை செய்யும் பெண்கள் அங்கே ஆட வருகிறார்கள். முதன்முறை போனபோது திகைத்துப்போனேன். எல்லா ஆட்டத்தின் காய்களும் ஒரே பெரிய அலுமினிய தேக்சாவில் கலந்து கிடந்தன. லூடோவும் சதுரங்கமும் பகடையும் கேரமும் ஒன்றாக. வேண்டியவர்கள் கையைவிட்டுத் துழாவ, கூழாங்கல் கொட்டுவதுபோல இரைச்சல்.

"நான் வேணாப் பிரிச்சு வைக்கட்டுமா அண்ணி?"

"எதுக்கு?"

"ஏதாச்சும் காணாமப் போயிட்டா?"

"போகட்டுமே," என்றார்.

அன்றைக்கு லூடோவில் சிவப்புக் காய் ஒன்று உண்மையிலேயே குறைந்தது. யாரும் தேடவில்லை. வளையாத சுண்டுவிரலை ஒதுக்கிப் பிடித்தபடி அண்ணி தன் காதுத் தோட்டைக் கழற்றினார். அதைச் சிவப்புக் கட்டத்தில் வைத்துவிட்டு, பகடையை உருட்டச் சொல்லி என் பக்கம் தள்ளினார்.